கொரோனா பாசிட்டிவ் ஆன குழந்தை: வார்டில் கவனித்தவை

குழந்தைகள் வார்டு மருத்துவர்:

கொரோனா பாசிட்டிவ் தாளோடு வார்டில் சேரும் குழந்தைகளைக் கவனித்தவர்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்படி அளவுகளோடு எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

தாளில் பாசிட்டிவ் என்று இருப்பதால் மட்டும் கொரோனாதான் நோய் என்று ஆகிவிடாது. கால் உடைந்து வந்த பிள்ளைக்கு அறுவைக்கு முன் எடுத்த ஸ்வாபில் (மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் மாதிரி) பாசிட்டிவ் வரும். அவனுக்கு வேண்டியது எலும்பு மருத்துவரும் தனி அறையும்தான். சர்க்கரை நோயுள்ள பிள்ளை வாந்தியோடு வரும். கிளறிவிட்டது கொரோனாவாக இருக்கலாம், ஆனால் உயிருக்கு ஆபத்து கீட்டோனால் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்). அதைப் பார்க்காமல் மூச்சு வேகமாக இருக்கிறதே என்று நிமோனியா தேடிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்து, நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லையென்றால் விரலில் குத்தி சர்க்கரை பாருங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை காய்ச்சலோடு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாசிட்டிவ் என்று கண்டதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. சிறுநீர்த் தொற்று கூடவே இருக்கலாம். சிறுநீரை கதீட்டர் (மெல்லிய குழாய்) வைத்து எடுங்கள். பை ஒட்டிப் பிடித்ததில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) போட்டால் தோலில் உள்ள கிருமிதான் வளரும். 28 நாளுக்குட்பட்ட குழந்தை என்றால் ரத்தக் கல்ச்சரும் முதுகுத் தண்டு நீரும் பார்க்காமல் விடக் கூடாது.

மூச்சை எண்ணுவது மலிவான சோதனை, ஆனால் ஒழுங்காகச் செய்யப்படுவது குறைவு. அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கைக்குழந்தையிடம் கணக்கு தவறும், ஏனென்றால் அதன் மூச்சு விட்டு விட்டு வரும். 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் 5 வயதுவரை 40. இந்த அளவைத் தொட்டாலே வேகம்தான். நெஞ்சு உள்ளே இழுப்பது, முனகல், மூச்சோடு தலை ஆடுவது மூன்றில் எது இருந்தாலும் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போகும் குழந்தைக்கு உரியது: கிலோவுக்கு 0.15 மி.கி., நாளுக்கு ஒரு முறை, 6 மி.கி.யைத் தாண்டாமல், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜனே வேண்டாத பிள்ளைக்கு இதனால் நன்மை இல்லை.

ஆய்வகத்திலிருந்து:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தாளில் எந்தக் கொரோனா என்று படித்துப் பாருங்கள். பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் சுவாசப் பேனலில் 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1 என்று நான்கு பழைய கொரோனாக்களும் இருக்கும். முதல் இரண்டும் 1960களிலிருந்தே தெரிந்தவை. என்எல்63 நெதர்லாந்தில் ஏழு மாதக் குழந்தை ஒன்றிடமிருந்து எடுக்கப்பட்டு 2004-இல் வெளியானது. எச்கேயு1 ஹாங்காங்கில் 2005-இல். இவை சளி, இருமல், சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சி என்று ஆண்டுதோறும் வந்து போகிறவை. 'ஓசி43 பாசிட்டிவ்' என்பதைக் கோவிட் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பயத்தை எடுப்பது கடினம். கோவிட் ரேபிட் கிட் இவற்றைக் காட்டாது, அதனால் 'ரேபிட் நெகட்டிவ், பேனல் பாசிட்டிவ்' என்பது முரண்பாடு அல்ல. அதே பேனலில் ஆர்எஸ்வியும் (கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸ்) பாசிட்டிவ் என்றால், கைக்குழந்தையின் மூச்சிரைப்புக்கு ஆர்எஸ்வியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சிடி மதிப்பைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில், எத்தனையாவது சுழற்சியில் வைரஸ் தென்பட்டது என்ற எண் அது. ஏறக்குறைய 3.3 சுழற்சி கூடினால் வைரஸ் அளவு பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 18-க்கும் 36-க்கும் உள்ள தூரம் லட்சக்கணக்கான மடங்கு. 36 என்பது பெரும்பாலும் ஓய்ந்துபோன தொற்றின் மிச்சம். பிசிஆர் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். ஆனால் ஸ்வாப் சரியாக எடுக்காவிட்டாலும் 36 வரும். ஒரு கிட்டின் எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் குழந்தைக்கு இந்த 'மிச்சம்' என்ற ஆறுதல் செல்லாது. அங்கே உயிருள்ள வைரஸே வாரக்கணக்கில் வெளிவரலாம்.

ஸ்வாப் எடுக்கும்போது குச்சியை மேல்நோக்கிச் செலுத்துவதால்தான் ரத்தம் வருகிறது. அண்ணத்துக்கு இணையாக, நேரே பின்னால் போக வேண்டும். தடை தட்டியதும் நிறுத்தி, மெதுவாகச் சுழற்றி, சில விநாடி வைத்து எடுங்கள். குழந்தையைத் துணியில் கைகளோடு சுற்றி அம்மா மடியில் வைத்து, இன்னொருவர் தலையைப் பிடித்தால் ஒரே முறையில் முடியும். மரக்குச்சி ஸ்வாப் வேண்டாம், பிசிஆரைக் கெடுக்கும். ஸ்வாப் போட்ட குழாயை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தால் 72 மணி நேரம் தாங்கும்.

ஐசியூ செவிலியர்:

ஆக்சிமீட்டர் எண்ணை நம்புவதற்கு முன் திரையில் ஓடும் நாடி அலையைப் பாருங்கள். அலை ஒழுங்காக இல்லாமல், அதில் காட்டும் நாடித்துடிப்பும் ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதும் ஒத்துப்போகாமல் இருந்தால் அந்த 85-க்கு அர்த்தமில்லை, 98-க்கும் இல்லை. கைக்குழந்தைக்குப் பாதத்தின் ஓரத்தில் சுற்றும் புரோப் நல்லது. விளக்கும் உணரியும் நேருக்கு நேர் வர வேண்டும். கால் சில்லிட்டிருந்தால் முதலில் சூடுபடுத்துங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றாவிட்டால் மெல்லிய தோல் புண்ணாகும். கருமையான தோலில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது நிரூபணமான விஷயம். அதனால் 92 காட்டும் குழந்தை சோர்ந்து கிடந்தால் குழந்தையைத்தான் நம்ப வேண்டும்.

சாதாரண மூக்குக் குழாயில் கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர், சற்று வளர்ந்த பிள்ளைக்கு 4 வரை. அது போதாதபோது ஹை-ஃப்ளோ (சூடும் ஈரப்பதமும் ஏற்றிய காற்றை மூக்கில் வேகமாகச் செலுத்துவது): 12 கிலோ வரை கிலோவுக்கு 2 லிட்டர், அதாவது 8 கிலோ குழந்தைக்கு 16 லிட்டர். மூக்கில் வைக்கும் முனை துவாரத்தின் பாதி அகலத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. காற்று வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரலில் அழுத்தம் ஏறும். ஈரப்பதக் கலத்தில் தண்ணீர் வற்றினால் சளி கட்டியாகி மூச்சுப்பாதை அடைபடும், கலத்தை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க வேண்டும். தொடங்கி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் மூச்சும் துடிப்பும் இறங்க வேண்டும். இரண்டும் இறங்காமல் ஆக்சிஜன் சதவீதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது, அடுத்த கட்டத்துக்குத் தாமதமாகப் போவதாகும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கும் பாசிட்டிவ் என்றால் கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். குழந்தைக்கு மாஸ்க் கிடையாது. 2 வயதுக்குள் அது மூச்சுக்கே ஆபத்து. பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் உப்புநீர் சில சொட்டு விட்டு மேலோட்டமாக உறிஞ்சி எடுத்தால் போதும். சிறு குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும், அடைத்த மூக்கோடு பால் குடிக்க முடியாது. மூச்சு 60-ஐத் தாண்டி, நடுவில் திணறினால் வாய்வழி வேண்டாம், மூக்குக் குழாய் போட்டு அம்மாவின் பாலையே பீச்சிக் கொடுக்கலாம்.

குழந்தைகள் வார்டு மருத்துவர்:

விட்டுப்போன ஒன்று. 2021 கடைசியில் ஓமிக்ரான் வந்த பிறகு நாய் குரைப்பது போன்ற இருமலோடு குரூப் (குரல்வளை வீங்கும் நோய்) அதிகம் வந்தது. இதற்கும் டெக்ஸாமெத்தசோன்தான், ஆனால் கிலோவுக்கு 0.6 மி.கி., 16 மி.கி. வரை, ஒரே வேளை. மேலே சொன்ன 0.15-இன் நான்கு மடங்கு. மருந்துச் சீட்டில் எதற்காக என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்டில் 0.6-ஐ தினமும் தொடர்ந்துவிடுவார்கள். ஓய்விலும் மூச்சில் கீச்சொலி இருந்தால் 1:1000 அட்ரினலின் கிலோவுக்கு 0.5 மில்லி, 5 மில்லி வரை, நெபுலைசரில். அதன் பலன் இரண்டு மணி நேரத்தில் தேயும், பழைய திணறல் திரும்பலாம். உடனே வீட்டுக்கு அனுப்பாமல் 2 முதல் 4 மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அழவைத்தால் திணறல் கூடும், அதனால் அந்தக் குழந்தையின் தொண்டையைக் கரண்டி வைத்துப் பார்க்க வேண்டாம்.

குழந்தைகள் இதய மருத்துவர்:

என் பங்கு மிஸ்-சி, அதாவது கொரோனாவுக்குப் பின் பல உறுப்புகளில் வரும் அழற்சி. தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, வீட்டில் எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில் வருவது. 2020 ஏப்ரலில் பிரிட்டனிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது. இப்போது குறைந்துவிட்டது, அதனாலேயே தவறவிடும் வாய்ப்பு கூடியிருக்கிறது.

பள்ளி வயதுப் பிள்ளை, விடாத காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வாந்தி. குடல்வால் என்று அறுவைப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. கத்தியை எடுக்கும் முன் கண்களைப் பாருங்கள்: பீளை இல்லாத சிவப்பு. உதடு வெடிப்பு, தடிப்பு, காய்ச்சலுக்குப் பொருந்தாத வேகமான துடிப்பு. ரத்தத்தில் லிம்போசைட், பிளேட்லெட், சோடியம் மூன்றும் இறங்கி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி எகிறியிருக்கும். இதேபோல் தோன்றும் காவசாகி நோயிலிருந்து (ரத்தக்குழாய் அழற்சி) பிரிக்க உதவும் ஒன்று: காவசாகி பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு, இரண்டாம் வாரத்தில் பிளேட்லெட் ஏறும். இங்கே வயது அதிகம், பிளேட்லெட் குறைவு, குடலும் இதயமும் முதலில் அடிவாங்கும். பிசிஆர் நெகட்டிவாக இருக்கலாம், ஆன்டிபாடிதான் பழைய தொற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ரத்த அழுத்தம் இறங்கினால் வழக்கம்போல் கிலோவுக்கு 20 மில்லியை வேகமாக ஏற்றுவது ஆபத்து. இதயம் தளர்ந்திருக்கலாம். 5 முதல் 10 மில்லி, அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. ஒவ்வொரு முறையும் கல்லீரல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், நுரையீரல் அடியில் நொறுங்கும் ஒலி கேட்கிறதா பாருங்கள். கல்லீரல் வீங்கி விளிம்பு கீழே இறங்கினால் நிறுத்தி, இதயத்துக்கு மருந்து தொடங்க வேண்டும். எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

ஐவிஐஜி (ரத்தக்குழாயில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) கிலோவுக்கு 2 கிராம், கூடவே மெத்தில்பிரெட்னிசோலோன் நாளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. இதில் கணக்கு பார்க்க வேண்டியது நீரின் அளவு. 10 சதவீத மருந்தில் 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம் என்றால் 400 மில்லி. தளர்ந்த இதயத்துக்கு அது அதிகம், அப்போது பாதிப் பாதியாக இரண்டு நாளில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி.; பிளேட்லெட் 80,000-க்குக் கீழ் என்றால் நிறுத்திவையுங்கள்.

ஐசியூ செவிலியர்:

ஐவிஐஜி பாட்டிலைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லியில் தொடங்கி, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றலாம். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, அழுத்தம், வெப்பம். குளிர் நடுக்கம் வந்தால் வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். அடுத்த ஓரிரு நாளில் கடும் தலைவலியும் கழுத்து இறுக்கமும் வரலாம். ரத்த வகை ஏ, பி, ஏபி உள்ள பிள்ளைகளுக்குச் சில நாளில் ஹீமோகுளோபின் சரியலாம், ஒருமுறை பாருங்கள்.

ஆய்வகத்திலிருந்து:

சிஸ்டர், ஆன்டிபாடிக்கான ரத்தத்தை ஐவிஐஜிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அந்த மருந்தே தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடி. பிறகு எடுத்தால் வரும் பாசிட்டிவ் குழந்தையுடையதா, பாட்டிலுடையதா என்று சொல்ல முடியாது. இஎஸ்ஆரும் (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தச் சோதனை) அதன்பின் தானாக ஏறிவிடும். குணமாகிறதா என்று பார்க்க சிஆர்பி போதும்.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்:

கொரோனாவின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பும் ஆல்கஹாலும் அதை எளிதில் உடைக்கும். பொம்மை, கட்டில் கம்பி, பம்ப் பொத்தான்களுக்கு 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச்): 5 சதவீதக் கரைசலில் 20 மில்லியோடு 980 மில்லி தண்ணீர். முதலில் அழுக்கைக் கழுவுங்கள், சளி படிந்த இடத்தில் குளோரின் வீணாகும். அன்றன்றைக்குக் கலக்குங்கள், அமிலத் துப்புரவுப் பொருளோடு சேர்க்கவே வேண்டாம். வார்டில் சேர்ந்து சில நாள் கழித்துப் புதிதாக இருமத் தொடங்கும் குழந்தைக்கு வார்டிலேயே தொற்றியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலோடு துணைக்கு இருப்பவர்களையும் சோதியுங்கள். பல நேரம் இருமிக்கொண்டிருப்பது தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்தான்.

குழந்தைகள் இதய மருத்துவர்:

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஐவிஐஜி கொடுத்த தேதி, மொத்தக் கிராம், தொகுதி எண் மூன்றையும் எழுதுங்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளை அந்தத் தேதியிலிருந்து 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். உயிரற்ற தடுப்பூசிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆஸ்பிரின் எடுக்கும்வரை வீட்டில் யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், ரை நோய் (மூளையும் கல்லீரலும் பாதிக்கப்படுவது) வரும் அபாயம் உண்டு. எக்கோ 1 முதல் 2 வாரத்தில் ஒன்று, 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று. இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் ஓட்டமும் போட்டி விளையாட்டும் 3 முதல் 6 மாதம் கூடாது என்பதைப் பள்ளிக்கென்று தனித்தாளில் எழுதிக் கொடுங்கள்.