என் முதல் படம் ஊத்திக்கிச்சு, ஹாலிவுட் இயக்குநர் கேத்ரின் பிகலோ எப்படி மறுபடி எழுந்தார்?

லாஸ்பேட்டைக்காரி:
சென்னையில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு சின்னப் படம் எடுத்தேன். தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இப்போது கதை சொல்லப் போனால், ஒன்லைன் சொல்வதற்குள்ளேயே "அந்தப் படம் என்னம்மா வசூல்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னோடு படம் ஊத்திக்கொண்ட பையன்கள் அடுத்ததற்குப் பூஜையே போட்டுவிட்டார்கள். கேத்ரின் பிகலோவுக்கு 1995இல் 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' படுத்தது, 2002இல் 'கே-19' 10 கோடி டாலர் செலவில் எடுத்து உலகம் முழுக்க 6.5 கோடிதான் வந்தது. அப்புறம் 2010இல் ஆஸ்கர். நடுவில் என்னதான் செய்தார்? ஜேம்ஸ் கேமரூனின் முன்னாள் மனைவி என்பதால் கதவு திறந்தது என்கிறார்களே, நிஜமா?

மஞ்சக்குப்பம் செல்வம்:
கேமரூன் கதையை முதலில் ஓரம் வையுங்க. கல்யாணம் 1989, விவாகரத்து 1991. அதற்கு முன்பே, 1987இல், பிகலோ 'நியர் டார்க்' எடுத்துவிட்டார். அவருடைய 'பாயின்ட் பிரேக்' படத்தில் கேமரூன் நிர்வாகத் தயாரிப்பாளர், உதவி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' கதையே கேமரூனுடையதுதான், தயாரிப்பிலும் அவர் உண்டு. படம் விழுந்தபோது அடி யாருக்கு? கேமரூன் அடுத்து 'டைட்டானிக்' எடுக்கப் போய்விட்டார், இந்த அம்மாவின் அடுத்த படம் 2000இல்தான் வந்தது.

'கே-19'க்குப் பிறகு அவர் பிடித்தது ஒரு பத்திரிகைக்காரரை. மார்க் போல் 2004இல் ஈராக்கில் வெடிகுண்டு அகற்றும் படையோடு கூடவே இருந்து பார்த்துவிட்டு வந்தவர். அவர் திரைக்கதையை வைத்து, பெரிய ஸ்டுடியோ பணம் இல்லாமல், சுமார் 1.5 கோடி டாலரில், ஜோர்டான் வெயிலில் 'தி ஹர்ட் லாக்கர்'. கையில் இருந்த பணத்துக்கு ஏற்ற கதையைப் பிடித்தார், அவ்வளவுதான் ரகசியம். அந்த வருடம் கேமரூனின் 'அவதார்' எதிரில் நின்றது, 6 ஆஸ்கர் இந்தப் படத்துக்கு வந்தது, சிறந்த இயக்குநர் விருது வாங்கிய முதல் பெண் அவர்.

ஒதியஞ்சாலை ஆள்:
செல்வம் சார், கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் எழுந்தவரை மட்டும் காட்டினால் எப்படி? எலைன் மே என்று ஒரு ஹாலிவுட் பெண் இயக்குநர். 1971இலேயே எழுதி, இயக்கி, நடித்தவர். 1987இல் 'இஷ்டார்' 5 கோடி டாலருக்கு மேல் விழுங்கிப் படுத்தது. அதன் பிறகு அவர் ஒரு கதைப்படம்கூட இயக்கவில்லை, மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். அதே படத்தின் தயாரிப்பாளரும் நாயகனுமான வாரன் பீட்டி 1990இல் 'டிக் டிரேசி'யை இயக்கி வெளியிட்டுவிட்டார்!

நம்ம ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கு. புதுச்சேரி தாவரவியல் பூங்காவை மிருகக்காட்சி சாலையாக மாற்றி 'லைஃப் ஆஃப் பை' எடுத்தார்களே, அதற்கு முன்னால் ஆங் லீ எடுத்தது 2009இன் 'டேக்கிங் வுட்ஸ்டாக்'. சுமார் 3 கோடி டாலர் போட்டு, திரும்பி வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்தே 12 கோடி டாலரை நம்பிக் கொடுத்தார்கள். ஆங் லீ பெரிய கலைஞர், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நம்பிக்கை எத்தனை பெண்களுக்குக் கிடைத்தது? 2013 ஆஸ்கரில் அவர்தான் சிறந்த இயக்குநர். பிகலோவின் 'ஸீரோ டார்க் தர்ட்டி' சிறந்த படப் பட்டியலில் இருந்தும், இயக்குநர் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

தங்கச்சி, உங்கள் கோபம் நியாயமானது. அதை எவனும் "பொறுமையா இரும்மா" என்று சொல்லி அமுக்க விடாதீங்க.

முதலியார்பேட்டை எடிட்டர்:
அக்கா, தொழில் பக்கம் ஒன்று சொல்கிறேன். 'ஹர்ட் லாக்கர்' சூப்பர் 16 என்கிற சின்ன அளவு ஃபிலிமில் எடுத்தது. ஒரே காட்சியை மூணு நாலு கேமரா கையில் பிடித்தபடி வெவ்வேறு மூலையிலிருந்து எடுக்கும், நடிகருக்கு எந்தக் கேமரா தன் மேல் இருக்கிறது என்றே தெரியாது. கிட்டத்தட்ட 200 மணி நேர ஃபுட்டேஜ். அதை உட்கார்ந்து வெட்டிய கிறிஸ் இன்னிஸுக்கும் பாப் முரவ்ஸ்கிக்கும் எடிட்டிங் ஆஸ்கர் போனது. பணத்தை செட்டிலும் நட்சத்திரத்திலும் கொட்டவில்லை, பெரிய முகங்களெல்லாம் சின்ன சின்ன வேடத்தில் வந்து போவார்கள், நாயகன் ஜெரமி ரென்னரை அப்போது பலருக்குத் தெரியாது. சிக்கனம் திரையில் தெரியவே தெரியாது.

லாஸ்பேட்டைக்காரி:
ஒதியஞ்சாலை அண்ணா, எலைன் மே பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. ஆனாலும் செல்வம் சார் சொன்ன வழிதான் இப்போதைக்கு என் கைக்கு எட்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும் விடியற்காலையை வைத்து ஒரு கதை இருக்கிறது, தயாரிப்பாளர் கேட்டதெல்லாம் "ஹீரோ யாரு?" எடிட்டர் தம்பி, அந்தக் கூட்டத்தில் மூணு கேமரா வைத்தால் லைவ் சவுண்ட் என்ன ஆகும்? டப்பிங்குக்குப் போக எனக்கு இஷ்டமில்லை.

முதலியார்பேட்டை எடிட்டர்:
ஏலக்காரர் சட்டைக்குள் ஒரு லேப்பல் மைக் (சட்டையில் குத்தும் குட்டி மைக்), நடிகர்களுக்குத் தனித்தனியாக, மீதிச் சத்தத்தை வேறொரு நாள் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். முதலில் போனில் அரை மணி நேரம் எடுத்து அனுப்புங்க, வெட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.