ஜீன் பேனல் ரிப்போர்ட் கைக்கு வந்த நாள்: உங்கள் அனுபவம்?

தூங்காத அம்மா:
மகனுக்கு ஆறாவது மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. காய்ச்சல் வலிப்புதான் என்றார்கள். அப்புறம் காய்ச்சல் இல்லாமலும் வந்தது. கார்பமசபைன் என்ற வலிப்பு மருந்தை ஆரம்பித்தோம், குறையும் என்று பார்த்தால் கூடிக்கொண்டே போனது. வேறொரு டாக்டர் நான் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "வெந்நீர்ல குளிப்பாட்டும்போது வருதாம்மா?" என்று கேட்டார். நாலு தடவை வந்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. அன்றே ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்து, வலிப்பு நோய்களுக்கான பேனலுக்கு, அதாவது தொடர்புள்ள பல மரபணுக்களை ஒரே சமயத்தில் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்.

ஐந்து வாரம் கழித்து ரிப்போர்ட்: எஸ்சிஎன்1ஏ மரபணுவில் நோய் தரும் மாற்றம், டிராவே சின்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோய். மூளை செல்களில் ஒருவகை சோடியம் சேனல் (சோடியம் உள்ளே போகும் வாசல்) ஏற்கெனவே பாதிதான் வேலை செய்கிறது. கார்பமசபைன் மிச்சத்தையும் அடைக்கிற மருந்து. அதை நிறுத்திவிட்டு வால்ப்ரோயேட், க்ளோபசாம் கொடுத்தார்கள். வலிப்பு முழுசாக நிற்கவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவது குறைந்துவிட்டது. எங்கள் இருவர் ரத்தத்திலும் அந்த மாற்றம் இல்லை. "யார் வழியில வந்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்த சொந்தங்கள் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பிப்பெட்காரன்:
அக்கா, அந்த வெந்நீர் விஷயத்தை உங்கள் டாக்டர் ரத்தத்தோடு அனுப்பிய படிவத்திலும் எழுதியிருப்பார், பாருங்கள். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பல படிவங்களில் ஒற்றை வார்த்தைதான் இருக்கும். ஒருமுறை 14 வயதுப் பையனின் ரத்தம், "தள்ளாட்டம்" என்று மட்டும் எழுதி வந்தது. பேனலில் ஒன்றும் சிக்கவில்லை. நெகட்டிவ் என்று அனுப்பும் முன் எங்கள் மேடம் டாக்டருக்குப் போன் போட்டார். முழங்காலில் தட்டினால் கால் எழும்பவில்லை, இதயச் சுவரும் தடித்திருக்கிறது என்றார் அவர். பேசி முடிப்பதற்குள் மேடம் பேப்பரில் "எஃப்எக்ஸ்என்" என்று ஒரு மரபணுவின் பெயரை எழுதிவிட்டார். அதில் மாற்றம் இருந்தால் வரும் நரம்பு நோய்தான் பிரீட்ரிக் அட்டாக்சியா. அந்த நோயில் பெரும்பாலும் அந்த மரபணுவின் டிஎன்ஏவில் ஜிஏஏ என்ற மூன்றெழுத்து நூற்றுக்கணக்கான முறை அடுத்தடுத்து வரும். எங்கள் மெஷின் படிப்பதோ 150 எழுத்துத் துண்டுகளாக. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருந்தால் மொத்த நீளத்தை எப்படிச் சொல்வது? அந்தப் பகுதியை மட்டும் நகலெடுத்து நீளம் பார்க்கும் பிசிஆர் சோதனையைத் தனியாகப் போட்டதும் தெரிந்தது. கொடுமை என்னவென்றால், பேனல் பட்டியலில் அந்த மரபணுவின் பெயர் இருந்தது. பார்ப்பவர் அதையும் முழுசாகச் சோதித்தாயிற்று என்றே நினைப்பார்.

மூன்றாம் தலைமுறை:
பாட்டிக்கும் அம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய். எனக்கு, அந்தப் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 மரபணுவில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று வந்தது. "மாற்றம்" என்ற சொல்லைத் தாண்டி நான் படிக்கவே இல்லை; முன்னெச்சரிக்கை ஆபரேஷனுக்கு மனதைத் தயார் செய்துகொண்டேன். மரபியல் ஆலோசகர்தான் தடுத்தார்: "இது தீர்ப்பு இல்லம்மா, விசாரணையில இருக்கிற கேஸ்." இரண்டு வருடம் கழித்து அதே மாற்றத்தை "தீங்கற்றதாக இருக்கலாம்" என்று வகை மாற்றி அனுப்பினார்கள். குடும்ப வரலாறு மாறவில்லையே, அதனால் வருடாந்தர ஸ்கேன் மட்டும் தொடர்கிறது.

தூங்காத அம்மா:
தம்பி, ஃபைலில் இருந்த படிவ நகலை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரி: "வெந்நீர்க் குளியலில் வலிப்பு, 4 முறை."