மாணவர் ஆலோசனையில் மனநலச் செயலி: நீங்கள் பயன்படுத்துகிறீர்களா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில் 6 ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஏறத்தாழ 3,000 மாணவர்களுக்கு நான் ஒருத்திதான் என்பதால், அவர்கள் தங்கள் மனநிலையை நாள்தோறும் பதியும் செயலி ஒன்றை வாங்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அதிலுள்ள, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாப்பட்டியலின் மதிப்பெண்கள் என் கணினிக்கு வந்துவிடும். செயலி மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் 9ஆவது வினா, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்று கேட்பது. விடுதி மாணவர் ஒருவர் நள்ளிரவு 2 மணிக்கு ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று அழுத்தினால், காலை ஒன்பதரைக்கு அறையைத் திறக்கும் நான் என்ன செய்வேன்?

மறுமொழி 1

நான் மருத்துவ உளவியலாளர். அமர்வுகளுக்கு இடைப்பட்ட வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் செயலியைப் பயன்படுத்துகிறேன். தாளில் எழுதச் சொன்னால், வரும் வழியில் பேருந்திலேயே ஏழு நாளையும் சேர்த்து நிரப்பிவிடுகிறார்கள். ஒரு மாணவியின் வரைபடத்தில் மூன்று வாரமும் மஞ்சள் முகம், ‘பரவாயில்லை’. கேட்டபோது, நினைவூட்டல் ஒலி ஓயட்டும் என்று நடுவில் இருந்த முகத்தை அழுத்தியதாகச் சொன்னார். ஆனால் அழுத்திய நேரமெல்லாம் அதிகாலை மூன்றரை! அன்று முழுவதும் தூக்கத்தைப் பற்றித்தான் பேசினோம். 9ஆவது வினாவை நான் நேரில் மட்டுமே கேட்பேன்.

மறுமொழி 2

ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? ரகசியம் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், நம்மேல் சுமத்துகிறது. அமெரிக்காவில் பயனர்களின் மனநலத் தகவல்களை ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக எழுந்த புகாரில், இணையவழி மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. துறைத்தலைவர் மதிப்பெண்ணைப் பார்க்க முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மறுமொழி 3

சென்ற ஆண்டு படிப்பை முடித்தவன் நான். எங்கள் கல்லூரிச் செயலியில் கல்லூரி மின்னஞ்சல் வழியாகத்தான் நுழைய முடியும் என்பதால், நாங்கள் யாரும் அதில் உண்மையைப் பதிந்ததில்லை. தவிர, அது காட்டிய ஆங்கிலச் சொற்களில் எதுவும் ‘நெஞ்ச அடைச்ச மாதிரி இருக்கு’ என்பதற்கு ஈடாகவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தம்பி சொல்வதுபோல் பெயரில்லாமல் நுழையவிட்டால், இரவு 2 மணிக்கு அழுத்தியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பெயரோடு நுழையச் சொன்னால், யாரும் அழுத்தப்போவதில்லை. ஆகவே மதிப்பெண்களே எனக்கு வரவேண்டாம் என்றும், 9ஆவது வினாவை எடுத்துவிட்டு, 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய, அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸின் எண் 14416ஐ முதல் திரையிலேயே வைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். வினாவை நீக்க முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்டதற்கு, திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.