தமிழே பேசாமல் ஆரம்பநிலை ஆங்கிலம் நடத்த முடியுமா?

பெரம்பூர் வாசி:
வணக்கம். பெரம்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணன் ஒருவர், சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள், வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள், பிள்ளையின் ஸ்கூல் டைரியைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும் என்று வரும் அம்மாக்கள், இவர்கள்தான் மாணவர்கள். ஏபிசிடி தெரியும், கடை போர்டு படிப்பார்கள், ஆனால் வாயைத் திறக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். வகுப்பை ஏற்பாடு செய்தவர்கள் போட்ட விதி, உள்ளே தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. கொடுத்த புத்தகத்தில் முதல் பாடமே ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் காட்டுவது! "வொர்க் இன் பேர்ஸ்" என்று சொன்னால் எல்லோரும் திருதிருவென்று முழிக்கிறார்கள், அப்புறம் ஒருவர் மெதுவாக "என்னக்கா செய்யணும்?" என்று கேட்கிறார். தமிழில் பதில் சொல்லலாமா, கூடாதா? எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சைதை வாத்தியார்:
தாராளமாகச் சொல்லும்மா. அந்த விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1878இல் அமெரிக்காவில் பெர்லிட்ஸ் என்பவர் மொழிப் பள்ளி ஆரம்பித்தார். அவர் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது, ஆங்கிலமே தெரியாத பிரெஞ்சு உதவியாளர் சைகை காட்டியே பிரெஞ்சு வகுப்பை ஓட்டினாராம், மாணவர்கள் நன்றாகத் தேறிவிட்டார்களாம். அந்த நிறுவனம் சொல்லும் கதை இது. இருக்கட்டும். அந்த வாத்தியாருக்கு மாணவர்களின் மொழி தெரியாது, அதனால் வேறு வழி இல்லை. உனக்குத் தமிழ் தெரியும், அதை எதற்கு மூட்டை கட்டி வாசலில் வைக்க வேண்டும்?

என்ன செய்யப் போகிறோம் என்பதைத் தமிழில் இரண்டு வரியில் சொல்லிவிடு, செய்வது மட்டும் ஆங்கிலத்தில் நடக்கட்டும். "ஸ்டாண்ட் அப், கிவ் மீ யுவர் பென், டர்ன் த பேஜ்" மாதிரி வகுப்பில் தினம் புழங்கும் கட்டளைகளை நீ சொல்லிச் சொல்லி அவர்கள் செய்யட்டும். பேசச் சொல்லி நெருக்காதே. கேட்டுச் செய்யப் பழகினால் பயம் தெளியும், வாய் தானாக வரும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கர் 1960களிலேயே இதை ஒரு முறையாக எழுதிவைத்தார்.

மாம்பலம் மாலதி:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் மெட்ராஸிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இன்று பாஸ்ட் டென்ஸ், நாளை ப்யூச்சர் டென்ஸ் என்ற பாடத்திட்டமே கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரி ஏதாவது கொடுத்து, யோசித்து விடை கண்டுபிடிக்க வைப்பார்கள். முதலில் அதே மாதிரி ஒரு கணக்கை ஆசிரியர் எல்லோருடனும் பேசிப் பேசிச் செய்வார், அப்புறம் அடுத்ததை மாணவர்கள் தாங்களே செய்வார்கள். கவனம் விடையில் இருக்கும்போது மொழி கூடவே படியும் என்பது அவர் நம்பிக்கை. அங்கே இருந்தது தினமும் வகுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள், வாரம் ஒருமுறை வரும் பெரியவர்களுக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் யோசனை அருமை.

பாஸ்போர்ட் பாடத்தைத் தூக்கிப் போடுங்கள். பீச் - தாம்பரம் மின்சார ரயில் நேரங்களை ஒரு தாளில் எழுதி, பாதிப் பேர் தாளில் சில நேரங்களை அழித்துவிடுங்கள். ஒருவருக்குக் காலை எட்டு மணிக்குக் கிண்டியில் வேலை. "வாட் டைம் இஸ் த நெக்ஸ்ட் ட்ரெயின்?", "செவன் ட்வென்டி", "இஸ் இட் லேட்?" இவ்வளவுதான் வேண்டிய ஆங்கிலம். தாளில் இல்லாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டே ஆக வேண்டும், அதனால் வாய் திறந்தே தீரும். செக்யூரிட்டி அண்ணனுக்கு விசிட்டர் நோட்டு இருக்கவே இருக்கிறது: "விச் ஃப்ளாட்? யுவர் நேம் ப்ளீஸ். சைன் ஹியர்." மறுநாள் வேலையில் அதைச் சொல்லிப் பார்ப்பார்.

கேள்விப்பேழை:
எல்லாம் சரி, கிராமர் வேண்டாம் என்று முழுசாக விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் "ஏன் அப்படி?" என்று கேட்பார்கள், பதில் கிடைக்காவிட்டால் மனசு ஆறாது. நம்மாட்கள் ஆங்கிலம் பேசும்போது உள்ளே தமிழ் ஓடிக்கொண்டிருக்கும். நமக்குக் கேள்வி என்றால் கடைசியில் ஒரு "ஆ" போட்டால் முடிந்தது, அதனால்தான் "யூ கம்மிங்கா?" எனக் கேட்கிறார்கள். "எனக்கு ரெண்டு பசங்க" என்பதில் "ஹேவ்" எங்கே இருக்கிறது? "டூ யூ", "ஐ ஹேவ்" இந்த இரண்டையும் தமிழில் ஐந்து நிமிடம் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஆங்கிலத்திலேயே விளக்கி ஒரு மணி நேரம் திண்டாட வேண்டாம்.

இன்னொன்று, நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். தடுக்க வேண்டாம், ஆனால் பை, முதுகு, மூட்டை கட்டுவது மூன்றுக்குமான ஆங்கிலச் சொல்லும் தமிழில் "பேக்" என்றுதான் விழும், வீட்டுக்குப் போய்ப் படித்தால் எது எதென்றே தெரியாது. பக்கத்திலேயே ஆங்கில ஸ்பெல்லிங்கும் எழுதச் சொல்லுங்கள். "இஸ்கூல்" என்பதை மட்டும் தயவுசெய்து நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், புரிந்தால் போதும், ஒரு முறை திருத்தினால் அடுத்த நாலு வாரம் அந்த அக்கா பேச மாட்டார்.

பெரம்பூர் வாசி:
ரொம்ப நன்றி. ரயில் தாளை வரும் ஞாயிறே தயார் செய்கிறேன். நடத்துபவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். டைரி படிக்க வரும் அம்மாக்களுக்கு மட்டும் தனியாக ஏதாவது?

மாம்பலம் மாலதி:
டைரியையே கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாப் பள்ளியிலும் அதே சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்: ஃபீஸ், டியூ டேட், யூனிஃபார்ம், ஆப்சென்ட், மீட்டிங், சைன். முழு வாக்கியம் வேண்டாம், முதலில் தேதி எங்கே, பணம் எவ்வளவு, யார் வர வேண்டும் என்று மட்டும் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பேர், பள்ளி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவர் டைரியை இன்னொருவர் பார்ப்பது சிலருக்குப் பிடிக்காது. அப்புறம் லீவு லெட்டர். "மை சன் ஹேஸ் ஃபீவர்" என்ற ஒரு வரியை அவர்களே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நடத்துபவர்கள் கேட்டால், வகுப்பு நடக்கும்போது ஒரு தரம் வந்து பின்னால் உட்காரச் சொல்லுங்கள்.