மறு: எர்கோஸ்பியருக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கிறது?

வணக்கம்,

பட்டர்வொர்த் தம்பி நேத்து போட்டது இது:

> சுழலும் கருந்துளையோட நிகழ்வெல்லைக்கு (உள்ள போனா ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லை) கொஞ்சம் வெளிய வர்ற பகுதிக்கு "உடன்சுழல் கோளம்"னு வச்சிடலாமா அண்ணே? உள்ள போனது எதுவா இருந்தாலும் கருந்துளை சுத்துற பக்கமேதானே சுத்தியாகணும்.

தம்பி, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது. முதல்ல அது கோளமே இல்ல. செந்தூல்ல ஃபார்ம் ஃபைவ் பிள்ளைங்களுக்கு வெள்ளைப் பலகைல வரைஞ்சு காட்டுனேன், உள்கோடு நிகழ்வெல்லை, வெளிக்கோடு இந்தப் பகுதியோட எல்லை, துருவம் ரெண்டுலயும் கோடு ரெண்டும் ஒட்டிக்கும், நடுவுல மட்டும் இடைவெளி விட்டுப் புடைச்சு நிக்கும். உடனே ஒருத்தன் "சார், இது ஸ்ஃபியர் இல்லியே"ன்னுட்டான். இங்கிலீஷ் பேர்ல "ஸ்ஃபியர்" இருக்குங்கிறதுக்காக நாமளும் கோளத்தைக் கட்டிக்கிட்டு அழணுமா?

ரெண்டாவதுதான் பெரிய சிக்கல். "உடன்சுழல்"ங்கிறது ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கு 1963ல ராய் கெர் கண்டுபிடிச்ச தீர்வுக்குப் பொருந்தும், அதுல சுழற்சி மட்டுந்தான் இருக்கு, அங்க ஒளிகூட எதிர்ப்பக்கம் சுத்த முடியாது, ஆனா வெளிய தப்பிச்சு வரலாம். 1965ல நியூமனும் கூட்டாளிங்களும் அதுக்கு மின்னூட்டத்தையும் ஏத்திட்டாங்க. இப்ப சுழற்சியை நிறுத்திட்டு மின்னூட்டத்தை மட்டும் விட்டு வைங்க. மின்னூட்டம் இல்லாத துகள் அங்க நிகழ்வெல்லைக்கு வெளிய எங்க வேணும்னாலும் ராக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டாவது அசையாம நிக்கலாம், யாரும் அதைச் சுத்தச் சொல்லி இழுக்கல. ஆனா கருந்துளையோட மின்னூட்டத்துக்கு நேர்மாறான மின்னூட்டம் உள்ள துகள் கிட்டக்க போனா அதோட மொத்த ஆற்றல் எதிர்மறையா ஆகுற ஒரு பகுதி அங்கயும் இருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரைங்கள்ல அதையும் எர்கோஸ்பியர்னுதான் எழுதுறாங்க, முன்னாடி ஒரு அடைமொழி மட்டும் சேத்துக்குவாங்க. சுத்தவே சுத்தாத இடத்தைப் போய் உடன்சுழல்னா சிரிக்க மாட்டாங்களா?

அப்ப ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு? ஆற்றலை வெளிய எடுக்கலாம், அதான். 1969ல பென்ரோஸ் சொன்ன வழி இதுதான்: துகள் ஒண்ணு உள்ள போய் ரெண்டா உடையுது, ஒரு துண்டு எதிர்மறை ஆற்றலோட கருந்துளைல விழுது, இன்னொண்ணு போனப்ப இருந்ததைவிடக் கூடுதலா எடுத்துக்கிட்டு வெளிய வருது. 1971ல கிறிஸ்டோடுலுவும் ருஃபினியும் போட்ட கணக்குப்படி சுழற்சில இருந்து அதிகபட்சம் நிறையாற்றல்ல 29 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், மின்னூட்டத்துல இருந்து 50 சதவீதம் வரைக்கும். நிஜத்துல சுத்தி இருக்கிற பிளாஸ்மா (மின்னூட்டத் துகளுங்க நிறைஞ்ச வாயு) கருந்துளையோட மின்னூட்டத்தைச் சீக்கிரமே சமன் பண்ணிடும், அதனால அந்த 50ஐ யாரும் பாக்கப் போறதில்ல, அது வேற கதை.

அதனால என் ஓட்டு "கறவைவெளி"க்கு. மாட்டுல இருந்து பால் கறக்கிற மாதிரி கருந்துளைல இருந்து ஆற்றலைக் கறக்கிற இடம், பிள்ளைங்களுக்கு ஒரு தடவை சொன்னாலே ஒட்டிக்கும். "பென்ரோஸ் கறப்பு"ன்னு அடுத்த சொல்லும் தானா வந்துடுது பாருங்க.

இன்னொண்ணு, 2009ல பன்யாடோஸ், சில்க், வெஸ்ட் மூணு பேரும் எழுதினதுல வர்ற துகளுக்கும் பேர் வேணும். உச்ச வேகத்துல சுழலுற கருந்துளைல, கோண உந்தம் சரியா ஒரு அளவுல இருக்கிற துகள் நிகழ்வெல்லையை நோக்கிப் போய்க்கிட்டே இருக்கும், அதோட சொந்தக் கடிகாரத்துலயே போய்ச் சேர முடிவில்லாத நேரம் ஆகும். அதை நிகழ்வெல்லை ஓரத்துல இன்னொரு சாதாரணத் துகள் இடிச்சா மோதல் ஆற்றலுக்கு வரம்பே இல்ல. பாடநூல் வழக்குப்படி "மாறுநிலைத் துகள்"னு போடலாம், ஆனா எனக்கு "ரெண்டுங்கெட்டான் துகள்"தான் பிடிச்சிருக்கு 😄

— செந்தூல் டியூஷன் வாத்தியார்

---

சார், பத்து வருஷம் தமிழ்ப்பள்ளில அறிவியல் நடத்தினவங்கிற உரிமைல சொல்றேன், கறவைவெளின்னா பிள்ளைங்க மாடு மேயுற புல்வெளின்னு நெனச்சுக்குவாங்க. அதுவும் ஆறாம் ஆண்டோட தமிழ்ல அறிவியல் முடிஞ்சு, அப்புறம் கருந்துளையை "லோஹோங் ஹீத்தாம்"னு மலாய்ல படிக்கப் போற பிள்ளைங்க. பேரைப் பாத்தாலே விஷயம் தெரியணும். "ஆற்றல்கறப் பகுதி"ன்னு வச்சா என்ன? நீளம்தான், ஆனா கொழப்பம் இல்ல. கோளத்தைத் தூக்கினதுக்கு என் முழு ஆதரவு. ரெண்டுங்கெட்டானை மட்டும் தயவு செஞ்சு ஸ்லைடுல போட்டுடாதீங்க, பெத்தவங்களும் வந்து உக்காந்து பாப்பாங்க.

— ஜெலுத்தோங் டீச்சர்

---

டீச்சர் சொல்றது சரி, அண்ணே. உடன்சுழலை நான் வாபஸ் வாங்கிக்கிறேன், ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. சுழற்சியால வர்ற பகுதியோட எல்லை எல்லாத் துகளுக்கும் ஒண்ணுதான், மின்னூட்டத்தால வர்றதுக்கு எல்லை துகளுக்குத் துகள் மாறும், அதோட மின்னூட்டமும் நிறையும் எவ்ளோன்னு பாக்கணும். ரெண்டையும் ஒரே பேர்ல வச்சா அடுத்த மாசமே யாராவது வந்து சண்டை போடுவாங்க. "சுழல் ஆற்றல்கறப் பகுதி", "மின் ஆற்றல்கறப் பகுதி"ன்னு பிரிச்சுடலாமா? சுழற்சி, மின்னூட்டம் ரெண்டும் சேர்ந்து இருக்கிற கெர்-நியூமன் கருந்துளைல அடைமொழி இல்லாம போட்டுக்கலாம். யாரும் மறுக்கலன்னா இன்னிக்கு ராத்திரி நம்ம கலைச்சொல் ஷீட்டுல ஏத்திடறேன், மாறுநிலைத் துகளையும் சேத்து.

— பட்டர்வொர்த்