பெயர்ப்பலகையில் 'தைவான்' என்று எழுதினால் ஏன் இத்தனை ரகளை?

மடிப்பாக்கம் அம்மா:

என் இளைய மகள் மேற்படிப்புக்குத் தைவான் போகிறாள். சான்றிதழ்களைச் சென்னையில் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உறையின் மேல் குண்டு குண்டாக 'தைவான் தூதரகம், சென்னை' என்று எழுதி ஒட்டியும் விட்டேன். மகள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, அப்படி ஒரு தூதரகமே கிடையாது. தைப்பே பொருளாதாரப் பண்பாட்டு மையம் என்று எழுத வேண்டும்" என்றாள்.

அதோடு விட்டாளா? லிதுவேனியா என்ற சின்ன நாடு 2021இல் தன் ஊரில் இருக்கும் இப்படிப்பட்ட அலுவலகத்தின் பலகையில் 'தைவான்' என்ற சொல்லை அனுமதித்ததற்காகச் சீனா தன் தூதரையே திரும்ப அழைத்துக்கொண்டதாம். ஒரு சொல்லுக்காகவா? அங்கே போகிறவர்கள் எல்லோருக்கும் அது தைவான்காரர்களின் அலுவலகம் என்று தெரியும்தானே? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டாதீர்கள்.

சைதை சங்கரன்:

கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை விட்டுவிட்டு அச்சடித்துப் பாருங்கள். அப்புறம் சீனாவைப் பற்றிக் கேட்கவே மாட்டீர்கள்.

பழைய கோப்பு:

சங்கரன் விளையாட்டாகச் சொன்னாலும் பாதி விடை அதில் இருக்கிறது. நான் அரசு அலுவலகம் ஒன்றில் மரபுப் பிரிவில், அதாவது எல்லோரும் சொல்லும் புரோட்டோகால் செக்ஷனில், 22 ஆண்டுகள் குப்பை கொட்டியவன். யார் காருக்கு எந்தக் கொடி, யாருக்கு எந்த நாற்காலி என்பதுதான் பிழைப்பு. ஒரு மாநாட்டில் வெளிநாட்டுப் பிரதிநிதி ஒருவரின் மேசை அட்டையில் நாட்டின் பழைய பெயரை அச்சிட்டுவிட்டோம். மனிதர் கோபப்படவில்லை, குரலும் உயர்த்தவில்லை. நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டேயிருந்தார். தலைமை விருந்தினர் பேச்சைத் தொடங்க முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். நான் ஓடிப்போய் வெள்ளை அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் சரியான பெயரை எழுதி, மை காய்வதற்குள் கொண்டுவந்து வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். பழைய பெயர் அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து யாராவது புகைப்படம் எடுத்துவிட்டால், அந்தப் பெயரை அவர் நாடு ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அவ்வளவுதான்.

தைவான் தனி நாடு அல்ல, தன்னுடைய ஒரு பகுதி என்கிறது சீனா. அதனால் தைவான் விஷயத்தில் உலகின் பெரும்பாலான நாடுகளில் ஓர் ஏற்பாடு ஓடுகிறது. வியாபாரம் செய்யலாம், விசா கொடுக்கலாம், அலுவலகம் வைக்கலாம். பலகையில் மட்டும் தலைநகரின் பெயரான 'தைப்பே'யைப் போடவேண்டும். டெல்லியில் 1995இலும் சென்னையில் 2012இலும் திறந்தது அப்படித்தான். தைப்பேயில் நம்முடைய அலுவலகத்தின் பெயர்கூட 'இந்தியா தைப்பே சங்கம்'. ஏதோ குடியிருப்போர் நலச் சங்கம் போல! அமெரிக்கா 1979இல் தூதரகத்தை மூடிவிட்டு, 'அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்' என்று ஒரு லாபநோக்கற்ற அமைப்பைச் சட்டம் போட்டு வைத்தது. பல ஆண்டுகள்வரை அங்கே வேலைக்குப் போகும் அதிகாரி காகிதத்தில் வெளியுறவுப் பணியிலிருந்து விலகிவிட்டுத்தான் போகவேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பொய். ஆனால் எல்லோரும் சேர்ந்து சொல்வதால் அது நிற்கிறது.

லிதுவேனியா அந்த வரிசையிலிருந்து விலகியது. தலைநகர் வில்னியஸில் 2021 நவம்பர் 18 அன்று 'தைவானியப் பிரதிநிதி அலுவலகம்' திறந்தார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'தைவானிய' என்றால் தைவான் மக்களையும் குறிக்கலாம், தைவான் என்ற நாட்டையும் குறிக்கலாம். தப்பித்துக்கொள்ள ஒரு சந்து உண்டு. சீன எழுத்தில் சந்தும் இல்லை, பொந்தும் இல்லை, நேராகத் 'தைவான்'.

சீனா திறப்பு விழாவரை காத்திருக்கவில்லை. பெயர் வெளியானதும் ஆகஸ்ட் 10 அன்றே தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, பெய்ஜிங்கில் இருந்த லிதுவேனியத் தூதரையும் திருப்பி அழைக்கச் சொன்னது. திறந்த மூன்றாம் நாள் உறவைத் தூதர் நிலையிலிருந்து பொறுப்பு அலுவலர் நிலைக்கு இறக்கியது. டிசம்பரில் லிதுவேனிய ஊழியர்களின் ராஜதந்திர அடையாள அட்டைகளைத் திருப்பிக் கேட்டார்கள். அட்டை இல்லாவிட்டால் பாதுகாப்பும் இல்லை என்று மிச்சம் இருந்தவர்கள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள்.

என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது சுங்கத்தில் நடந்ததுதான். சரக்கு அனுப்பும் லிதுவேனிய வியாபாரி சீனச் சுங்கக் கணினியைத் திறந்தால், நாடுகளின் பட்டியலில் லிதுவேனியாவே இல்லை. நீங்கள் ஒரு பெயரை எழுதினீர்களா, இதோ உங்கள் பெயரையே எடுத்துவிட்டோம்! தடை எதுவும் போடவில்லை என்றுதான் பெய்ஜிங் சொன்னது. அப்படிப் பார்த்தால் எந்த உத்தரவும் யார் கையிலும் இல்லை. அட்டை அடித்துப் பிழைத்தவன் என்ற முறையில், இதில் இருக்கும் தொழில் நேர்த்தியைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

செல்வி_வில்னியஸ்:

ஐயா, நான் இங்கே படிப்பை முடித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டால் நாடே முடங்கிவிட்டது போலத் தோன்றும். லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவுக்குப் போனது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான். லேசர் தயாரிப்பாளர்களுக்கு வலித்தது, உண்மை. பெரிய வலி வேறு பக்கம் வந்தது: லிதுவேனியாவில் செய்த உதிரிபாகத்தைப் பயன்படுத்தும் ஜெர்மன் நிறுவனங்களுக்கும் நெருக்கடி கொடுத்தார்கள். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. அந்த வழக்கை 2024 ஜனவரியில் நிறுத்திவைத்தார்கள் என்பது வேறு கதை.

ஒரு வேடிக்கை. சீனாவுக்குப் போகவேண்டிய லிதுவேனிய ரம், 20,000 பாட்டிலுக்கு மேல், வழியில் மாட்டிக்கொண்டது. தைவான் அரசின் மதுபான நிறுவனம் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. பிறகு அந்த ரம்மை எப்படிக் குடிப்பது, எப்படிச் சமையலில் சேர்ப்பது என்று தைவான் அரசே மக்களுக்குக் குறிப்பு வெளியிட்டது!

பழைய கோப்பு:

செல்வி, நாடு முடங்கியது என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டுக்குப் பலகையின் விலை தெரியாது என்றும் சொல்லமாட்டேன். உலகத்திலேயே அதை நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 1940இல் சோவியத் ஒன்றியம் லிதுவேனியாவை விழுங்கியபோது அமெரிக்கா அதை ஏற்கவில்லை. வாஷிங்டன் 16ஆவது தெருவில் இருந்த லிதுவேனியத் தூதுநிலையத்தை மூடச்சொல்லவும் இல்லை. ஊரில் அரசாங்கம் இல்லை, எல்லையில் கொடி இல்லை. அந்தக் கட்டடத்தில் 50 ஆண்டுகள் 'லிதுவேனியா' என்ற பெயர் தொங்கியது. 1990இல் சுதந்திரத்தை மீட்டதாக அறிவித்தபோது மாஸ்கோ எண்ணெயையும் எரிவாயுவையும் அடைத்தது. முதலில் அங்கீகரித்தது, 1991 பிப்ரவரியில், ஐஸ்லாந்து என்ற குட்டி நாடு. இப்படி வந்தவர்கள் தைவானுக்கு ஒரு பலகையைக் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

என் குறை வேறு. அங்கே அரசியலமைப்புப்படி வெளியுறவை நடத்துவது அதிபரும் அரசாங்கமும் சேர்ந்து. 2022 ஜனவரியில் அதிபர் நவுசேடா வானொலியில் பேசும்போது, அலுவலகம் திறந்தது தவறில்லை, பெயர்தான் தவறு, அதை என்னோடு கலந்து பேசவில்லை என்றார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, இந்த விருந்துக்கு என்னைக் கேட்கவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? மரபை மீறலாம். மீறுகிறவர்கள் முதலில் வீட்டுக்குள் ஒரே வாயாக இருக்கவேண்டும். அதைப் பார்த்த பிறகு பெய்ஜிங் ஏன் இறங்கிவரப் போகிறது?

சைதை சங்கரன்:

டிரம்ப் மட்டும் தைவான் அதிபரோடு போனிலேயே பேசினாரே? அவரை யார் என்ன செய்தார்கள்?

பழைய கோப்பு:

2016 டிசம்பர் 2. பத்து நிமிடம் போல ஓடிய வாழ்த்து அழைப்பு. 1979க்குப் பிறகு அப்படி ஒரு பேச்சு நடந்ததாக வெளியே தெரிந்ததில்லை. அதோடு ட்விட்டரில் சாய் இங்-வென்னைத் 'தைவான் அதிபர்' என்றே எழுதினார். சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி அமெரிக்காவைத் திட்டாமல், இது தைவானின் சில்லறை வேலை என்று சொல்லி ஒதுக்கினார். பெரிய வீட்டுப் பையன் கல்லெறிந்தால் பக்கத்து வீட்டுக்காரனைத்தானே அதட்டுவோம்? அந்த டிசம்பரிலேயே சாவோ டோமே, ஆறு மாதத்தில் பனாமா என்று இரண்டு நாடுகள் தைப்பேயோடு வைத்திருந்த தூதரக உறவை விட்டுப் பெய்ஜிங் பக்கம் போயின. அதற்கு அழைப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். டிரம்ப் 2017 பிப்ரவரியில் ஷி ஜின்பிங்கோடு பேசி, 'ஒரே சீனா' கொள்கையை மதிப்பதாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் நினைவிருக்கிறதா? ஜோதி ஓட்டம் ஸ்ரீநகர் வழியாகப் போனது என்று பாகிஸ்தான் விலகிக்கொண்டது. ஆட்டக்காரர்கள் அதற்குள் இந்தியா வந்து சேர்ந்திருந்தார்கள்! பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிப் போயிருப்பார்கள், பாவம்.

அம்மா, உங்கள் உறைக்கு வருகிறேன். பலகையில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

மடிப்பாக்கம் அம்மா:

நன்றி ஐயா. பழைய எழுத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி முழுப் பெயரையும் எழுதினேன். இரண்டு வரி பிடித்தது. கூரியர் கடைப் பையன் அதைப் படிக்கவே இல்லை. "எந்த பில்டிங், எத்தனையாவது மாடி, அதை மட்டும் சொல்லுங்கள் ஆண்ட்டி" என்றான்.