கெண்டி பழக்குதல்: யீஷிங் தேநீர்க் கலத்துக்குத் தமிழில் சில சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சீனத் தேநீர்க் கலங்கள் பற்றி நாம் எழுதிவரும் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இழையை முதலிலிருந்து படித்து முடித்தேன். சிங்கப்பூரில் இருப்பதாலும், பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் கலங்களைச் சேர்த்துத் தினமும் அவற்றில் தேநீர் போட்டுக் குடிப்பவன் என்பதாலும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> யீஷிங் மண்கலத்தை 'சீசன்' செய்ய வேண்டும் என்கிறார்களே, 'பதப்படுத்தல்' என்று எழுதலாமா?

வேண்டாம் என்பேன். தோலைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். கெட்டுப்போகாமல் வைக்கச் செய்யும் வேலை அது. ஒருமுறை செய்தால் முடிந்தது. இன்னொரு நண்பர் தந்த 'சுவையூட்டல்' இன்னும் விலகிப் போகிறது. உப்பு, மிளகு போடுவதற்கான சொல்லை அகராதியில் முதலில் கண்டு எடுத்திருக்கிறார். கலத்துக்கு யாரும் சுவை ஊட்டுவதில்லை.

நடப்பது என்னவென்று முதலில் பார்ப்போம். ஜியாங்சு மாகாணத்தில் தாய்ஹு ஏரிக்கு மேற்கே யீஷிங் இருக்கிறது. அதன் டிங்ஷு ஊரில் செய்யப்படும் இந்தக் கலங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் பளிங்குப்பூச்சு கிடையாது. சுட்ட பிறகும் மண்ணில் நுண்துளைகள் இருக்கும். தேநீர் ஊறும்போது அதன் எண்ணெயும் மணமும் அந்தத் துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். அதனால்தான் ஒரு கலத்தில் ஒரே வகைத் தேயிலையைப் போடுகிறார்கள். யுன்னான் மாகாணத்தின் வயதேறிய பூ-அர்த் தேயிலைக்கு ஒன்று, வூயி மலையின் பாறைத் தேயிலைக்கு ஒன்று, தான்சுங்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள்.

சீனத்தில் இதற்கு இரண்டு சொற்கள். புதுக் கலத்தைக் கழுவி, வெந்நீரில் வைத்து, முதல் தேநீருக்கு ஆயத்தமாக்குவது 'கய் ஹு'. அதாவது கலத்தைத் திறப்பது. தோஃபு, கரும்பு எல்லாம் போட்டு வேகவைக்கும் சடங்கும் உண்டு. நான் செய்வதில்லை, தூசி போகக் கழுவி, வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் போதும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தேநீர் ஊற்றி, துணியால் துடைத்து, காயவைத்து வருவது 'யாங் ஹு'. யாங் என்றால் வளர்ப்பது. பிள்ளையை வளர்ப்பதற்கும் பூனையை வளர்ப்பதற்கும் அவர்களுக்கு இதே சொல்தான்.

> அப்படியானால் நேராகக் 'கலம் வளர்த்தல்' என்றே சொல்லலாமே, அண்ணா?

தம்பி, எனக்கும் முதலில் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் தமிழில் 'கலம் வளர்ந்தது' என்று எழுதிப் பாருங்கள். கலம் பெரிதாகிவிட்டது போல் இருக்கிறது. அதைவிட நல்ல சொல் நம் அடுப்படியிலேயே கிடக்கிறது. புது மண்சட்டி வாங்கினால் அம்மா என்ன செய்வார்? வடிகஞ்சி ஊற்றி இரண்டு மூன்று நாள் கொதிக்கவைப்பார். கேட்டால், 'சட்டியப் பழக்குறேன்' என்பார். மீன்குழம்புச் சட்டியில் பால் காய்ச்சமாட்டார்; தயிர்ச்சட்டி தனியாகவே இருக்கும். யீஷிங்காரர் செய்வதும் இதுவேதான்.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் அதன் இலக்கணம். காளையை ஏருக்குப் பழக்குகிறோம். அந்தக் 'கு' உருபு இங்கே பெரிய வேலை செய்கிறது. 'இந்தக் கலத்தைப் பூ-அருக்குப் பழக்கியிருக்கிறேன்' என்று சொன்னவுடன், இதில் வேறு தேயிலை போடக்கூடாது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடுகிறது. 'ஒரு கலம் ஒரு தேயிலைக்கே பணி செய்யும்' என்று சீனத்தில் தனியாக ஒரு வாக்கியம் சொல்லி விளக்குவார்கள். நமக்கு ஒரு வேற்றுமை உருபு போதும். அதோடு, செய்பவர் வினையாகப் பழக்குதல், கலத்தின் வினையாகப் பழகுதல் என இரண்டும் கிடைக்கின்றன. கய் ஹுவைப் பழக்குதல் என்றும், யாங் ஹுவைப் பழகுதல் என்றும் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் நாம் பழக்குகிறோம். பிறகு அதுவாகப் பழகிவருகிறது.

பழகுவது வெறும் பேச்சா என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். என்னிடம் சிவப்புக் கலம் ஒன்று, பாதி புளித்த ஊலாங் வகைத் தேயிலையான தியெகுவான்யினுக்குப் பழகியிருந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், நல்லெண்ணத்தில் அதில் லியூபாவ் போட்டுவிட்டார். குவாங்சியிலிருந்து வரும் கருந்தேயிலை அது. மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் குடித்தது. நல்ல லியூபாவில் பாக்கு மணம் வரும் என்பார்கள், உண்மையாகவே வரும். ஒரே ஒரு முறைதான். அடுத்த நாலைந்து நாள் தியெகுவான்யினில் பூ மணத்துக்கு அடியில் ஈரமண் வாடை இருந்துகொண்டே இருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றிப் போக்கினேன்.

பழைய கலத்தில் இலையே போடாமல் வெந்நீர் ஊற்றினாலும் தேநீர் வரும் என்றொரு பேச்சு உண்டு. பூ-அருக்குப் பழகிப் பத்தாண்டு ஆன கெண்டியில் செய்து பார்த்தேன். நீர் தெளிவாகவே வந்தது. முகர்ந்தபோது மட்டும், மழை நின்ற பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மணம் மெல்ல இருந்தது. மண் அவ்வளவுதான் வைத்துக்கொள்கிறது. நம் கலைச்சொல்லும் அதற்கு மேல் வாக்குக் கொடுக்கக்கூடாது. 'பழகிய' என்பது சரியான அளவு.

இனி கலத்தின் பெயருக்கு வருகிறேன். மேலே 'கெண்டி' என்று என்னையறியாமல் எழுதிவிட்டேன். அதைத்தான் முன்மொழியவும் வந்தேன்.

> கெண்டி சடங்குக்கு உரிய பாத்திரம். பிடியும் கிடையாது. தேநீருக்கு எப்படிப் பொருந்தும்?

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் மூக்குள்ள சிறு கலத்துக்குத் தமிழில் இதைவிட நேரான சொல் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே சீனர் பட்டறை வரைக்கும் போய்வந்தது என்பதையும் கவனியுங்கள். மலாயிலும் இது கெண்டிதான். வடமொழிக் குண்டிகையோடு தொடர்புபடுத்துவார்கள். மிங் காலத்தில் ஜிங்தெஜென் சூளைகள் தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே நீலவெள்ளைப் பீங்கானில் கெண்டிகள் செய்து அனுப்பின. பிடி இல்லாத குறையை முன்னொட்டு தீர்த்துவிடும்: தேக்கெண்டி. தேயிலை, தேநீர், இலங்கையின் தேத்தண்ணி என்று 'தே' நம்மிடம் நன்றாக வேர்விட்டிருக்கிறது. அதுவும் தென்சீனத்து ஹொக்கியன் பேச்சில் இருக்கும் 'தே'தான். இழையில் ஒருவர் சொன்ன 'கேத்தில்' தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்கு இருக்கட்டும். கேத்திலில் நீர் கொதிக்கும், கெண்டியில் இலை ஊறும். இரண்டையும் குழப்பினால், யீஷிங் கலத்தை அடுப்பில் வைத்து உடைத்துவிடுவார்கள்.

ஒரு சிறு வேடிக்கை. நாம் மூக்கு என்று சொல்வதைச் சீனர் வாய் என்கிறார்கள். நாம் மூக்காகவே வைத்துக்கொள்வோம். மூடியின் மேல் இருப்பது குமிழ். அதில் காற்றுக்கு ஒரு துளை உண்டு. அதை விரலால் அடைத்தால் மூக்கிலிருந்து வரும் நீர் நின்றுவிட வேண்டும். கடையில் மூடி எவ்வளவு பொருந்துகிறது என்று இப்படித்தான் பார்ப்பேன்.

மண்ணின் பெயர்தான் கடினம். சீனத்தில் 'ட்ஸூ ஷா'. ட்ஸூ என்றால் ஊதா, ஷா என்றால் மணல். 'ஊதா மணல்' என்று எழுதினால் படிப்பவர் கத்தரிக்காயை நினைப்பார். சுட்ட பின் அந்த மண் அடர்ந்த பழுப்பில் லேசாக ஊதா ஓடும் நிறம். சீனரே அதைப் 'பன்றி ஈரல் நிறம்' என்பார்கள். நம்மிடம் 'அரக்கு' இருக்கிறது. அரக்குச் சேலை என்றால் எல்லோர் கண்ணிலும் அந்த நிறம் வந்துவிடும். 'களிமண்' என்பதும் சரியில்லை. மலையிலிருந்து அது பாறையாகத்தான் வெளியே வருகிறது. வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கிடந்து, பொரிந்து, பிறகு இடித்துச் சலித்துப் பிசையப்படுகிறது. விரலால் தடவினால் நறநறவென்று ஒரு பிடிப்பு தெரியும். 'அரக்குமணல்' என்று வைத்தால் நிறமும் வரும், அந்த நறநறப்பும் வரும்.

இது பொதுப்பெயர். உள்ளே பல வகைகள் உண்டு. அவற்றுள் இரண்டைப் பிரிப்பது தேநீர் போடுபவருக்கு அவசியம். ட்ஸூனி தடித்த, துளை மிகுந்த அரக்குமண். பூ-அர் போன்ற கனத்த தேநீரின் முனைகளை அது மழுக்கிவிடும். ஜுனி செந்தூர நிறத்தது. சூளையில் மிகவும் சுருங்கும், அதனால் பெரிய கெண்டி செய்தால் கோணிப்போகும். இறுகிய மண் என்பதால் மணத்தை அவ்வளவாக உறிஞ்சாது. மணத்துக்காகக் குடிக்கும் ஊலாங்குக்கு அதுதான். இவற்றை 'அரக்குமண்', 'செந்தூரமண்' என்று நேராகச் சொல்லலாம். பசுந்தேயிலைக்கு நான் கெண்டியே எடுப்பதில்லை. சூடு தங்கினால் இலை வெந்துபோகிறது. 'கைவான்' எனும் பீங்கான் கிண்ணமே போதும். கை என்றால் மூடி, வான் என்றால் கிண்ணம், ஆகவே 'மூடிக்கிண்ணம்'. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்று நினைக்கிறேன்.

மண்ணுக்குச் சரியான பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சொந்த அனுபவமும் காரணம். தொடக்கக் காலத்தில் ஒரு கடையில் 'அசல் ஊதாக் களிமண்' என்று ஒன்றை வாங்கினேன். வெந்நீர் ஊற்றியதும் வெள்ளைத் துணியில் ஊதாக் கறை ஒட்டியது. சாதாரண மண்ணில் இரும்பு, மாங்கனீசுச் சேர்மங்களைக் கலந்து நிறம் கொடுப்பதை 2010ல் சீன அரசுத் தொலைக்காட்சியே அம்பலப்படுத்தியது. அவற்றைச் 'சாயமண்' என்போம். பெயர் இருந்தால் வாங்குபவர் அதைச் சொல்லிக் கேட்க முடியும்.

அடுத்து 'வனைதல்'. கட்டுரை வரைவில் 'யீஷிங்கில் வனைந்த கெண்டி' என்று இருக்கிறது. திருத்துங்கள். வனைதல் சக்கரத்தில் நடப்பது. மரபான யீஷிங் கெண்டி சக்கரத்தில் வனையப்படுவதில்லை. மண்ணைப் பலகையில் அடித்துத் தகடாக்கி, நீண்ட பட்டையாக அறுத்து, வளைத்து உருளையாகச் சேர்க்கிறார்கள். பிறகு இடது கையின் விரல்களை உள்ளே கொடுத்து, வலது கையில் மெல்லிய மரத்தட்டியால் வெளியே தட்டத் தட்ட, உருளையின் வாய் உள்ளே சாய்ந்து வயிறு உருண்டுவரும். அதை மூடி, கவிழ்த்து, மறுமுனையையும் அப்படியே தட்டிச் சேர்ப்பார்கள். செய்பவரின் கையைப் படக்காட்சியில் அருகிலிருந்து பார்த்தேன். உருளை ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விரற்கடை சுழலும், தாளம் மாறாது. மூக்கும் பிடியும் தனியே செய்து ஒட்டப்படுகின்றன. ஆகவே 'தட்டிச் சேர்த்த கெண்டி'. அச்சில் அழுத்திச் செய்வதை 'அச்சுக்கெண்டி' என்று பிரித்தால், விலைவேறுபாடும் வாசகருக்குப் புரியும்.

வரலாற்றுப் பத்தியில் ஒன்று சேர்க்கலாம். 1391ல் மிங் பேரரசர் ஹுங்வூ, அழுத்திய தேயிலைக் கட்டிகளைத் திறையாகப் பெறுவதை நிறுத்தி உதிரி இலையை ஏற்றார். இடித்துத் தூளாக்கிக் கடையும் வழக்கம் குறைந்தது. இலையை ஊறவைக்க ஒரு கலம் வேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த குங் சுன் என்பவரிடமிருந்து யீஷிங் மரபைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியையொட்டி ஷி தாபின் வருகிறார். முதலில் பெரிய கெண்டிகள் செய்தவர், அறிஞர்களோடு பழகிய பிறகு சிறியவற்றுக்கு மாறினார். இன்று ஒருவர் இருவருக்குப் போதுமான கைக்கெண்டி நம்மிடம் இருப்பது அந்த மாற்றத்தின் வழியில்தான்.

கடைசியாக, பல ஆண்டு பழகிய கெண்டியின் மேல் வரும் ஒளி. சீனத்தில் 'பாவ்ஜியாங்'. 'களிம்பு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது செம்பில் பிடிப்பது, கழுவித் தள்ள வேண்டியது. எனக்குத் தோன்றுவது வினைத்தொகையாகப் 'பழகுமெருகு'. எதிர்ச்சொல்லும் வேண்டும். கெண்டியைத் துடைக்காமல் தேநீர்க் கறையைப் படியவிட்டு, கையெண்ணெயால் தேய்த்தால் சீக்கிரமே ஒரு போலிப் பளபளப்பு வந்துவிடும். மிங் காலத்தின் இறுதியில் எழுதப்பட்ட கெண்டி நூலொன்று அதைப் 'பிக்குவின் பளபளப்பு' என்று பெயரிட்டு, மிக இழிந்த தோற்றம் என்று கடிந்திருக்கிறது. தமிழுக்குப் பிக்குவை இழுக்க வேண்டியதில்லை. மெருகுக்கு எதிரே 'மினுக்கு' இருக்கிறது. அந்தச் சொல்லில் ஏற்கெனவே வசை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு சொல்லுக்கு மட்டும் என்னிடம் முன்மொழிவு இல்லை. மேலே 'மரத்தட்டி' என்று எழுதியது நானாக வைத்தது. நம் குயவர்களும் பானையின் அடியைப் பலகையால் தட்டித்தான் மூடுகிறார்கள். உள்ளே ஒரு கல்லை அணைகொடுப்பார்கள். அந்தப் பலகைக்கும் கல்லுக்கும் ஊருக்கு ஊர் பெயர் இருக்கும். குழுமத்தில் மானாமதுரைக்காரர் ஒருவர் இருப்பதாக நினைவு. ஐயா, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வேலை செய்பவர்களிடமே கேட்டு, அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதி அனுப்புவீர்களா? அது வரும்வரை அந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து